லோர்னா அறுத்த கதவு

லோர்னா பிகட் வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். நாற்காலி மாதிரித் தெரிவது போன வாரம் வரை வேறு ஏதாவதாக இருந்திருக்கும். நாளைக்கும் அது நாற்காலியாகவே இருக்கும் என்று லோர்னாவே உறுதி சொல்ல மாட்டாள்.

"அதுல உக்காராதீங்க, அது இஸ்திரிப் பலகையா இருந்தது. இன்னும் பழைய புத்தி போகல" என்பாள்.

ஈஸ்டருக்கு வந்த அவள் நாத்தனார் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். பலகை பழைய புத்தியைக் காட்டி மடங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த அம்மாள் எங்கள் பிரெஸ்டன் பக்கம் எப்போது வந்தாலும் அந்த வீட்டில் நின்றுகொண்டேதான் டீ குடிக்கிறாள்.

லோர்னாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. பள்ளிக்கூட வாசலில் 'நில்' பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடக்க விடுவது அவள் வேலை. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். நடுவில் கிடக்கும் நாள் பூராவும் அவள் கொல்லைப்புற ஷெட்டில்தான் இருப்பாள். மகள் ஜனெல் தனிக் குடித்தனம் போன வருஷம், யாரோ ஒரு பெண் பழைய சட்டையை டிவியில் ஐந்தே நிமிஷத்தில் பையாக மாற்றிக் காட்டினாள். லோர்னா அன்றைக்கே கணவர் கெல்வினின் சட்டை ஒன்றை எடுத்தாள். அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. பைக்குக் கழுத்துப் பட்டி அப்படியே இருந்தது, கையும் ஒன்று மிச்சமிருந்தது. "கை எதுக்கு?" என்று கெல்வின் கேட்டதற்கு, "தூக்கிக்க" என்றாள்.

பிறகு ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. வடிகட்டிக் கூடையை விளக்காக்கினாள். ஏற்றினால் சுவரெல்லாம் அம்மை போட்ட மாதிரிப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். சலவை இயந்திரத்தின் வயிற்றைக் கழற்றி அடுப்பாக்கினாள். அதில் நெருப்பைத் தவிர மற்றதெல்லாம் வரும், புகை மட்டும் மூன்று வீடு தள்ளிப் போகும். கெல்வினின் கார்டுராய் கால்சட்டைகளைத் திண்டு உறைகளாகத் தைத்தாள், ஜிப்பை மட்டும் எடுக்கவில்லை. பாதிரியார் வந்து அதில் சாய்ந்தபோது கெல்வின் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. ஆனாலும் மனிதர்தானே!

இதையெல்லாம் நாங்கள்தான் கேலி செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு முந்திக்கொண்டு லோர்னாவே செய்துவிடுவாள். "நான் கை வெச்சா பழசு இன்னும் பழசாயிடும்" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். ஜனெலுக்குச் செய்து கொடுத்த விளக்கு, லோர்னா போகும்போது மட்டும் கூடத்துக்கு வரும், அவள் திரும்பியதும் அலமாரிக்குள் போய்விடும். அதுவும் அவளுக்குத் தெரியும். "நான் வரேன்னு போன் பண்ணிட்டுதான் போவேன். பாவம், அவளுக்கும் வெளக்கைத் தேடி எடுக்க நேரம் வேணாமா?" என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜனெலின் மாமனார் மாமியார் முதல் தடவையாகச் சாப்பிட வருவதாக இருந்தது. எலுமிச்சை மரத்தடியில் எல்லோரும் ஒன்றாக உட்கார ஒரு நீள மேசை செய்துவிட வேண்டும் என்று லோர்னா முடிவு கட்டிவிட்டாள். செய்தியைக் கேட்டதும் ஜனெல் போனில், "அம்மா, மடக்கு மேசை வாடகைக்குக் கிடைக்குதும்மா" என்றாள். லோர்னா காதில் வாங்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில், எங்கள் பக்கம் கோடை பிறக்கும்போதுதான், பெரிய குப்பை வாரம் வரும். கவுன்சில் லாரி வருவதற்கு முன் அவரவர் வீட்டுக் கழிசடையைச் சாலையோரப் புல்லில் கொண்டுவந்து குவிப்பார்கள். எங்களுக்குத் தீபாவளியே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதி வைக்காத சட்டம். வேலிக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரருடையது, வேலிக்கு வெளியே புல்லில் இருப்பது முதலில் கை வைத்தவருடையது. யாரையும் கேட்கக் கூடாது. கேட்பதுதான் மரியாதைக் குறைவு, அவர் எறிந்ததை நாம் பொறுக்குகிறோம் என்று இரண்டு பேருமே ஒத்துக்கொள்ள வேண்டிவரும் அல்லவா? எங்கள் தெருவில் பாதி வீட்டு டிவி மேசை எதிர் வீட்டில் பிறந்ததுதான். போனால் அடையாளம் தெரியும், ஆனால் யாரும் மூச்சு விடுவதில்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை பள்ளி விட்டு வரும்போது, காலி செய்துகொண்டு போன வீட்டுக்காரர்களின் குவியல் பக்கத்தில், வேலியில் சாத்தி வைத்திருந்த ஒரு கதவை லோர்னா பார்த்தாள். கெட்டி மரம். பெயின்ட் எல்லாம் சுத்தமாகச் சுரண்டியிருந்தது. அடிப்பக்கம் புதிதாக இழைத்து, புல்லில் சுருள் சுருளாக மரத்தூள் கூடக் கிடந்தது. எறியப் போகிற கதவை எவனாவது இழைப்பானா? இந்தக் கேள்வி ஒரு குழந்தைக்குக் கூடத் தோன்றியிருக்கும். லோர்னாவுக்குத் தோன்றவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மேசை, மேசையைச் சுற்றிச் சம்பந்திகள், "எங்க வாங்கினீங்க?" என்று கேட்கும் ஜனெலின் மாமியார்.

பழைய குழந்தை வண்டியின் சக்கரத்தில் அதை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஷெட்டுக்குள் கதவு நுழையவில்லை. நுழையாததற்குக் காரணம் உள்ளே ஏற்கெனவே இருந்த ஏழெட்டு மேசைக் கால்கள், இரண்டு தொட்டில், ஒரு படகின் முன்பாதி. அவற்றை நகர்த்தியிருக்கலாம். லோர்னா மின்ரம்பத்தை எடுத்தாள். நடுவில், பூட்டுக்குச் சற்று மேலே கோடு போட்டு அறுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் வாழ்க்கையிலேயே நேராக அறுத்தது அன்றைக்குத்தான். கெல்வினைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பார்த்தியா? நூல் பிடிச்ச மாதிரி."

"அட, நெசமாவே நேரா இருக்கே!" என்றார் கெல்வின். "எதுக்கு அறுத்த?"

"உள்ள போகல."

"அப்புறம் எப்படி நீள மேசை ஆகும்?"

லோர்னா யோசித்தாள். "திரும்ப ஒட்டணும்" என்றாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது கார்மெலோ தன் வீட்டு வாசலில் சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறவர். அந்தக் காலத்தில் மனைவி பினாவோடு கப்பலில் வந்து, இந்தப் பக்கத்துப் பாதி வீடுகளுக்குச் சிமென்ட் போட்டவர். வேலிக்கு உள்ளே புல்லே கிடையாது. வேலி வரைக்கும் தக்காளியும் அவரையும்தான், கால் வைக்க இடம் இருக்காது. காலைக் காற்று வாங்குகிறார் போலிருக்கிறது என்று லோர்னா நினைத்தாள். கையை ஆட்டினாள். அவரும் பதிலுக்கு ஆட்டினார்.

பள்ளி வாசலில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா டேனியா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"லோர்னா, கேட்டியா அநியாயத்த? கார்மெலோ வீட்டு வாசக்கதவை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்! அடி இடிக்குதுன்னு கழட்டி வெளிய வெச்சு இழைச்சுக்கிட்டு இருந்தாராம். உள்ள பினா கூப்பிட்டிருக்கா. போய் அவளுக்குக் காப்பி கொடுத்துட்டு வரதுக்குள்ள கதவைக் காணோம். அதெல்லாம் கையா, வெளங்காத கை!"

"அடப் பாவி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது உள்ளே இறங்கியது.

"பினா பாவம், மறதி நோய் வேற. போன குளிர்காலத்துல வெளிய போய், டிராம் நிக்கற இடத்துல வெறும் செருப்போட நின்னுட்டு இருந்தால்ல? அதான் அவர் ராத்திரி பூரா வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். கண்ணு மூடினா அவ போயிடுவாளே."

அந்த நேரம் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். லோர்னா பலகையை உயர்த்திக்கொண்டு சாலை நடுவில் போய் நின்றாள். பிள்ளைகள் கடந்தார்கள். லோர்னா கடக்கவில்லை. பலகையைத் தூக்கியபடியே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்று, கடைசியில் ஒருவர் ஹாரனை அழுத்தி, "என்னம்மா, உன்னையே கடக்க விடணுமா?" என்று கத்தியபிறகுதான் ஓரத்துக்கு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கெல்வினிடம் சொன்னாள். கெல்வின் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"பழைய துணி, சரி. பழைய நாற்காலி, சரி. அடுத்தவன் வீட்டு வாசக்கதவா லோர்னா?"

"புல்லுல இருந்துச்சு கெல்."

"புல்லுல நான் நின்னா என்னையும் அறுப்பியா?"

கடைக்குப் போன் செய்து பார்த்தார்கள். பழைய வீட்டு வாசல், அகலம் இப்போதைய அளவு எதற்கும் பொருந்தவில்லை. செய்து தர வேண்டுமென்றால் ஜனவரி கடைசி ஆகும் என்றான் கடைக்காரன். லோர்னா போனை வைத்தாள்.

"நானே ஒட்டிடறேன்" என்றாள்.

கெல்வின் அவள் கைகளைப் பார்த்தார்.

"சொல்லேன்."

"ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன். அப்படி ஒண்ணும் சொல்லாம இருக்காதே!"

சொன்னவளுக்கே அழுகை வந்துவிட்டது. தான் ஒட்டிய எதுவும் ஒரு வாரம் நின்றதில்லை என்பது அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். இஸ்திரிப் பலகை மடங்கினால் நாத்தனார் விழுவாள், சிரித்துவிடலாம். இந்தக் கதவு விட்டுப்போனால் பினா தெருவுக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் எந்த டிராமுக்கு முன்னால் போய் நிற்பாளோ!

முகத்தைக் கழுவிக்கொண்டு கார்மெலோ வீட்டுக்குப் போனாள். தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நின்றாள். உள்ளே கூடத்தில் பினா ஒரு துண்டை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து உட்கார்ந்திருந்தாள்.

"கார்மெலோ, உங்க கதவு..."

"போச்சும்மா. எந்த மகராசன் தூக்கிட்டுப் போனானோ."

"மகராசன் இல்லீங்க. நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீயா?"

"புல்லுல இருந்துச்சு. குப்பை வாரம்ங்கறதால..."

கார்மெலோ தெருப்புல்லைப் பார்த்தார். நியாயஸ்தர். "புல்லுலதான் வெச்சேன்" என்று ஒத்துக்கொண்டார். "உள்ள தக்காளி, எடமில்ல. சரி விடு. யாரும் சாகல. போய் எடுத்துட்டு வா."

"எடுத்துட்டு வரேன். ஆனா ரெண்டு தடவை போகணும்."

"ஏன், அவ்வளவு கனமா?"

"இல்ல. இப்ப அது ரெண்டா இருக்கு."

கார்மெலோவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நின்றார். தூக்கமில்லாமல் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது.

"அறுத்துட்டியா? ராத்திரி பூரா இங்க கெடக்கறேன் நான். பலகை வெச்சு அடைச்சா அவ அதைப் போட்டுக் குத்தறா, கையெல்லாம் காயமாக்கிக்கறா. மூடின கதவைக் கண்டாலே ஆகல அவளுக்கு. அதான் நாற்காலியப் போட்டுக் குறுக்க உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா காலையில கைய ஆட்டிட்டுப் போற!" விரலை நீட்டித் தன் பாஷையில் உரக்க ஒரு வார்த்தையும் சொன்னார்.

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது லோர்னாவுக்கு. கதவை அறுத்ததைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கையை ஆட்டியது இருக்கிறதே, அதை நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது.

கெல்வினும் அவளுமாக இரண்டு பாதியையும் சுமந்துகொண்டு வந்தார்கள். இரண்டையும் ஒட்டி, பின்னால் சட்டம் அடித்து, ஒரே கதவாக்கி மாட்டுவதுதான் திட்டம். கார்மெலோ குறுக்கிட்டார்.

"ஒட்டறது அப்புறம். மொதல்ல கீழ்ப்பாதிய மாட்டு."

"பாதிய மாட்டி என்ன செய்ய?" என்றார் கெல்வின்.

"நான் கக்கூஸ் போகணும்! நேத்தைக்கு சாயங்காலத்துலேர்ந்து ஒழுங்கா போகல. வாசலுக்குக் குறுக்க ஏதாவது வை, போதும்."

நடுக் கீலைக் கீழே இறக்கி, கீழ்ப்பாதியை மாட்டினார்கள். பூட்டு அந்தப் பாதியில்தான் இருந்தது, அது புண்ணியம். கார்மெலோ பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். லோர்னா புல்லில் உட்கார்ந்து மேல்பாதியின் விளிம்பில் துளை போட ஆரம்பித்தாள். முதல் துளை கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். கெல்வின் டிரில்லைப் பிடுங்காமல் இருக்கத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் பள்ளி விடும் நேரம் வந்துவிட்டது, லோர்னா பலகையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கெல்வின், பசைக் குப்பி காய்ந்து கிடப்பதைப் பார்த்து, வேறு வாங்கக் கடைக்குப் போனார்.

பிள்ளைகளைக் கடக்க விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே லோர்னா திரும்பி வந்தாள். தெரு முனையிலிருந்தே தெரிந்தது. வாசலில் பினா நிற்கிறாள். கார்மெலோ பின்னால் குறட்டை விடுகிறார். லோர்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. 'நில்' பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பினா! பினா! நில்லு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பினா எங்கும் போகவில்லை. சின்ன உருவம் அவளுக்கு, பாதிக்கதவு மார்பு வரை வந்தது. அதன் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள், அது அசையவில்லை, அவளும் அதற்காகக் கோபப்படவில்லை. போகிற பிள்ளைகளுக்கெல்லாம் தன் ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னாள். இங்கிலீஷ் அவளுக்கு எப்போதோ மறந்துபோய்விட்டது. பிள்ளைகள், "ஹலோ பினா! பை பினா!" என்றார்கள். டேனியாவின் இரட்டையரில் ஒருவன் நாய்க்குட்டியைத் தூக்கிக் காட்ட, பினா அதன் மூக்கைப் பிடித்துத் திருகினாள். வெயில் கூடம் வரைக்கும் போய் விழுந்திருந்தது.

சத்தம் கேட்டு எழுந்த கார்மெலோ அவள் பின்னால் வந்து நின்றார். லோர்னா மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்து டிரில்லை எடுத்தாள்.

"அதைக் கீழ வை" என்றார் கார்மெலோ.

"இன்னும் ரெண்டு துளைதான். கெல் பசை வாங்கப் போயிருக்கார். இப்ப ஒட்டிடலாம்."

"ஒட்டாதேங்கறேன்." அவர் பினாவைக் காட்டினார். "ரெண்டு வருஷமாச்சு லோர்னா, இவ இப்படி நின்னு நான் பாத்து. பூட்டி வெச்சா குத்தறா, தெறந்து விட்டா போயிடறா. கதவப் பாதியா அறுக்கணும்னு எனக்கு ஏன் தோணல?"

"எனக்கும் தோணலைங்க" என்றாள் லோர்னா. "ஷெட்டுல எடமில்ல, அதான்."

கார்மெலோ சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேல்பாதியைத் தனிக் கீலில் கெல்வின் மாட்டினார். லோர்னாவை டிரில் பக்கம் வர விடவில்லை. அவள் போட்ட கோணல் துளைகளைக் கார்மெலோ அடைக்க வேண்டாம் என்றார், அவை இன்னும் அப்படியே இருக்கின்றன. பகலில் மேல்பாதி திறந்திருக்கும், இரவில் தாழ்ப்பாள். கிறிஸ்துமஸுக்கு மேசை இல்லை. சம்பந்திகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஜனெலுக்கு அதில் பரம திருப்தி என்று கேள்வி.

ஆனால் சாப்பிட்டு முடித்ததும் லோர்னா எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தி அந்தக் கதவைக் காட்டினாள். "நான் செஞ்சதுலயே இதுதான் நெலச்சு நிக்குது" என்றாள்.

"செஞ்சதா? திருடி, அறுத்தது" என்றார் கெல்வின்.

அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து பினா லோர்னாவை நோக்கி விரலை நீட்டி, உரத்த குரலில் ஒரு வார்த்தை சொன்னாள். சம்பந்தியம்மாள், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

கார்மெலோ நெளிந்தார். "அது வந்து... 'திருடி'ங்கறா. நான் அன்னிக்குச் சொன்னது அப்படியே மனசுல நின்னுடுச்சு."

பெற்ற பிள்ளைகளின் பெயர் நிற்கவில்லை. கார்மெலோவைச் சில நாள் தன் அண்ணன் என்கிறாள். ஆனால் லோர்னா தலை தெரிந்தால் போதும், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அதே வார்த்தை. பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பினாவின் பாஷையில் லோர்னாவுக்குத் தெரிந்ததும் அந்த ஒரு சொல்தான்.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் காலை லோர்னா அந்த வழியாகப் போனபோது பினா கதவில் சாய்ந்திருந்தாள். அவளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. லோர்னா இரண்டு எட்டு வைத்து, திரும்பி வந்தாள். வேலியருகே நின்று தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டினாள். பினா அவளை யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பள்ளி மணி அடிக்கப் போகிற நேரம். கார்மெலோ உள்ளேயிருந்து, "நீ போம்மா, லேட்டாயிடும்" என்றார்.

லோர்னா போகவில்லை. 'நில்' பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பினாவின் விரல் மெதுவாகக் கதவுக்கு மேலே வந்தது.

"திருடி!"

"ஆமா பினா, நான்தான்" என்று சொல்லிவிட்டு லோர்னா வேலைக்கு ஓடினாள்.